வால்நட்டுக்குள் ஒரு கெல்ட் குலம்

போலந்தில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “இத்தாலியை இங்கே ‘வ்வொஹி’ என்கிறார்கள். இத்தாலிக்கும் இந்தப் பெயருக்கும் என்ன உறவு?”

உறவு ஒரு கெல்ட் குலத்தின் வழியாக. கெல்ட்கள் பண்டைய ஐரோப்பாவின் ஒரு மக்கள் கூட்டம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் எழுதிய போர்க் குறிப்புகளில் ‘வோல்கே’ என்றொரு குலம் வருகிறது. பக்கத்தில் இருந்த ஜெர்மானியர் வாயில் அது ‘வல்ஹ்’ ஆயிற்று. முதலில் கெல்ட்காரனைக் குறித்தது. பிறகு லத்தீன் பேசுபவனை. போகப்போக வேற்று ஆள் எவனையும். பிரிட்டனில் வந்தேறிய ஆங்கிலேயர் அங்கே ஏற்கெனவே இருந்த கெல்ட் மக்களுக்கு இதே பெயரைச் சூட்ட, அதுதான் இன்றைய வேல்ஸ். சொந்த மண்ணிலேயே அந்நியர் பட்டம்! அவர்கள் தங்களை ‘கம்ரி’ என்கிறார்கள், ஒரே நாட்டார் என்ற பொருளில்.

ஜெர்மானியரிடமிருந்து சொல் ஸ்லாவியரிடம், அதாவது போலந்துக்காரர், செர்பியர், ரஷ்யர் போன்றோரின் முன்னோரிடம், போனபோது நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஸ்லாவிய மொழிக்கு அசை மெய்யில் முடிவது ஆகாது. நாம் ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ ஆக்குகிறோமே, கிட்டத்தட்ட அந்த மனநிலை. ‘வல்ஹ்’ அவர்கள் வாயில் ‘வொல்-ஹ்’ என்றாகும்போது முதல் அசை லகரத்தில் முட்டி நிற்கிறது. தெற்கே செர்பியர் லகரத்தை முன்னால் தள்ளி ‘வ்லாஹ்’ என்றார்கள். போலந்தில் ‘வ்லொஹ்’, அந்த லகரம் பின்னாளில் வகரமாகத் தேய்ந்தது. உக்ரேனியர் இடம் மாற்றாமல் இன்னோர் உயிரைச் செருகி ‘வோலோஹ்’ என்றார்கள். ‘தசை’ ‘சதை’யானதும், நம் ‘உரல்’ தெலுங்கில் ‘ரோலு’ என நிற்பதும் நினைவுக்கு வருகிறதா?

இந்த மாற்றத்துக்குக் காலக்கணக்கும் உண்டு. 814இல் இறந்த பேரரசர் சார்லமேனின் ஜெர்மானியப் பெயர் கார்ல். அதுவே ஸ்லாவியரிடம் ‘அரசன்’ என்ற பொதுச்சொல்லானது: செக்கில் ‘க்ரால்’, போலிஷில் ‘க்ருல்’, ரஷ்யனில் ‘கொரோல்’. அதே மூன்று வழிகள்! அப்படியானால் அவர் காலத்திலும் அந்த விதி உயிரோடு இருந்திருக்கிறது.

இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் போதும், உலகமே நம்மிடமிருந்து கடன் வாங்கியது என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறார்கள். ‘வ்வொஹி’யும் ‘வேல்ஸ்’உம் ஒன்றுபோலவா கேட்கின்றன? சொல்லுக்குச் சொல் தவறாமல் திரும்பும் விதிதான் சாட்சி.

பொருளும் ஊருக்கு ஊர் பிரிந்தது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் அது ருமேனிய வகை மொழி பேசும் இடையர்களுக்குப் போயிற்று. வல்லாக்கியா என்ற நிலப்பெயர் அப்படி வந்தது. போலந்தில் இத்தாலிக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டது. அங்கே கடையில் வால்நட் கேட்டால் ‘ஒஜெஹ் வ்வொஸ்கி’ என்று தருவார்கள், அதாவது இத்தாலியக் கொட்டை. ஆங்கிலத்தின் ‘வால்நட்’டிலும் முதல் பாதி அதே ‘வல்ஹ்’தான்.