புல்வெட்டும் இயந்திரமும் மொபெட் பாடமும்

பெட்ரோலில் ஓடும் சிறிய இன்ஜின் எதுவானாலும் அதற்கு வேண்டியவை மூன்று: அளவாகக் கலந்த காற்றும் பெட்ரோலும், அந்தக் கலவையை நெருக்கும் அழுத்தம், சரியான தருணத்தில் ஒரு தீப்பொறி. பள்ளி விடுமுறைகளில் மாமாவின் மெக்கானிக் பட்டறையில் மொபெட்டுகளோடு பழகியவன் நான். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரம் ஒன்று பழுதுபார்க்க வந்தபோது, அங்கே கற்ற வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதன் முனை நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகை, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவே இல்லை. இதில் காய்ந்திருந்தது. பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக் கயிற்றை இழுத்தேன். விரலைக் காற்று பலமாகத் தள்ளியது. அழுத்தத்துக்குக் குறைவில்லை.

பேட்டரியே இல்லாத இன்ஜினில் தீப்பொறி எப்படி வருகிறது? இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம் பதித்திருக்கிறது. அது கம்பிச்சுருளைக் கடக்கும்போது, 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் சுருளில் மின்சாரம் பாய்கிறது. அதைச் சட்டென்று துண்டித்தால், பல மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பி, பிளக்கின் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுகிறது. துண்டிக்கும் வேலையை அன்று ‘பாயிண்ட்’ என்ற தொடுமுனை செய்தது. அதை அரம் வைத்துத் தேய்ப்பது சிறுவர்களின் வேலை. இன்று மின்னணுச் சுற்று செய்கிறது.

பெட்ரோலுக்கு வருவோம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் கீழே கிண்ணத்திலுள்ள பெட்ரோலை நுண்துளை கொண்ட ‘ஜெட்’ வழியாக மேலே இழுக்கிறது. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, ஆக்சிஜனோடு வினைபுரிந்து, தேன் நிறப் பிசினை விட்டுச்செல்லும். அதில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை தெரியவே இல்லை.

அதை ஊசியால் குத்தினால் மாமாவுக்குக் கோபம் வரும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, மின்கம்பியின் மெல்லிய செம்பு இழை ஒன்றை நுழைத்துதான் எடுக்க வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. ஜெட் பித்தளை, இரும்பு அதைக் கீறும். துளையின் விட்டம் 10 சதவீதம் பெருத்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், பெட்ரோலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடும். நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதம் அதோடு குலைந்துவிடும்.

பெட்ரோல் வந்தது, பொறியும் வந்தது. ஆனால் கயிறு கையைப் பின்னோக்கிப் பிடுங்கியது. மொபெட் கற்றுத்தராத பாடம் இது. புல்வெட்டியில் கத்தி நேராகச் சுழல்தண்டிலேயே பூட்டியிருக்கிறது. கத்தி கல்லில் மோதித் தண்டு நிற்கும்போது, கனமான ஃபிளைவீல் தன் வேகத்தில் மேலும் திரும்பப் பார்க்கும். இரண்டையும் இணைக்கும் சிறிய ‘கீ’ நசுங்கி, ஃபிளைவீல் சில பாகை முன்னே நகர்ந்துவிடும். காந்தம் முந்திக்கொள்வதால் பொறியும் முந்துகிறது. மேலேறும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளுகிறது. ஃபிளைவீலைக் கழற்றியதும் தெரிந்தது: கீயின் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிறு படி.

புதிய கீ போட்டு, நட்டை இறுக்கி இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கீ நசுங்கிவிட்டதென்று எஃகுத் துண்டை அராவிப் போடுபவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். மென்மையான உலோகத்தில் கீயைச் செய்வது தண்டைக் காப்பாற்றத்தான். கத்திப் பக்கம் கை வைக்குமுன் பிளக் வயரைக் கழற்றிவிடவும் மறக்க வேண்டாம்.