கோபுர ஸ்பீக்கருக்கும் 'ஸ்மால்' போதும்: வீட்டுத் திரையரங்கில் கிராஸ்ஓவர் வைக்கும் முறை

வீட்டுத் திரையரங்கு அமைத்துக் கொடுப்பதும், வேறு யாரோ அமைத்ததைச் சரிசெய்வதும் என் தொழில். என்னை அழைப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, வசனம்தான் புரியவில்லை" என்பார்கள். அல்லது, "இவ்வளவு பெரிய சப்வூஃபர் வாங்கியும் வெறும் உறுமல்தான் வருகிறது" என்பார்கள். கூடவே, எந்த மாடலுக்கு மாறலாம் என்ற கேள்வியும் வரும். மாற்றுவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு, ரிமோட்டை வாங்கி, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டியான ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவைத் திறப்பேன். பல வீடுகளில் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் அடிப்பகுதியை வீட்டு ஸ்பீக்கர்கள் முழு வலுவோடு தருவது அரிது. அதனால், குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை ரிசீவர் சப்வூஃபரிடம் ஒப்படைக்கிறது. அப்படிப் பிரிக்கும் இடம்தான் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அந்த இடத்தில் ஒன்று நின்று மற்றொன்று தொடங்கிவிடாது. சப்வூஃபருக்குப் போகும் ஒலி பெரும்பாலான ரிசீவர்களில் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் வீதம் தணிகிறது. 160 ஹெர்ட்ஸிலும் அது மெலிதாகக் கேட்கத்தான் செய்யும். ஸ்பீக்கரும் கீழ்நோக்கி இதேபோலச் சரிகிறது. 80-ஐ ஒட்டிய பகுதியில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. சிக்கல்கள் பெரும்பாலும் பிறப்பது இந்தக் கூட்டு எல்லையில்தான்.

சென்னையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீடு. கூடத்தில் நான்கடி உயரத்தில் இரண்டு கோபுர ஸ்பீக்கர்கள். மெனுவில் அவற்றை 'லார்ஜ்' என்பதிலிருந்து 'ஸ்மால்' ஆக்கினேன். "தம்பி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைப் போய் ஸ்மால் என்கிறீர்களே" என்றார். உண்மையாகவே மனம் வருந்தியிருந்தார். "சார், பெட்டியின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதன் பேஸை, அதாவது அடி ஒலியை, வூஃபருக்கு அனுப்பு என்று ரிசீவருக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான்" என்றேன். அவருடைய குறையே, பாட்டுக் கேட்கும்போது சப்வூஃபர் மௌனமாக இருக்கிறது என்பதுதான். 'லார்ஜ்' என்று வைத்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு சேனல் பாட்டில் வூஃபருக்கென்று தனிச் சேனல் கிடையாது. பேஸ் முழுவதும் கோபுரங்களுக்கே போய்விடும்.

கோபுரங்கள் அதைத் தாங்காதா? ஓரளவு தாங்கும். ஆனால் அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியளவைத் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 80-இல் தொடங்கி 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் பதினாறு மடங்கு. ஆறரை அங்குலக் கூம்பு ஒன்று அவ்வளவு சிரமப்படும்போது, அதே கூம்பிலிருந்து வரும் ஆண்குரலும் கலங்குகிறது. ரிசீவரின் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து திணறும். 10 டெசிபல் கூடுதல் ஒலிக்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். சப்வூஃபருக்கோ சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பாரத்தை அங்கே இறக்கிவைப்பதில் கோபுரத்துக்கு எந்த மானக்கேடும் இல்லை.

இந்த 80 என்ற எண் எங்கிருந்து வந்தது? லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் இருந்த ஒலிப் பொறியாளர் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கியது டி.எச்.எக்ஸ். திரையரங்குத் தரம், 1983-இல் வந்தது. பிறகு அதன் வீட்டு வடிவத்துக்கு 80 ஹெர்ட்ஸை வைத்தார்கள். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வூஃபர் எந்த மூலையில் இருந்தாலும் ஒலி திரையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

ஆனால் 80 வேதவாக்கு அல்ல. நான்கைந்து அங்குலக் கூம்பு உள்ள புத்தக அலமாரி வகை ஸ்பீக்கருக்கு 80 அல்லது 100 பொருந்தும். ஸ்பீக்கரின் கையேட்டில் "55 ஹெர்ட்ஸ் முதல்" என்று போட்டிருந்தால், அந்த இடத்தில் அது ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது என்று பொருள். குறைந்தது இருபது, முப்பது ஹெர்ட்ஸ் மேலே தள்ளி வைப்பேன். உள்ளங்கை அளவுச் சிறு பெட்டிகளோடு வரும் செட்டுகளில் கதையே வேறு. அவை 150-க்குக் கீழே ஒன்றும் பேசாது. 80 தான் சரி என்று எங்கோ படித்துவிட்டு அவற்றுக்கும் 80 வைத்தால், இடைப்பட்ட பகுதிக்கு ஆளே இல்லாமல் போகும்; ஆண்குரல் மெலிந்து, தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் கேட்கும். அவற்றுக்கு 150 அல்லது அதற்கும் மேலேதான் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தால் வூஃபரைச் சோபாவுக்குப் பக்கத்தில் போடக்கூடாது. செய்தி வாசிப்பவர் டி.வி.யில் இருக்க, அவர் குரலின் அடித்தொண்டை உங்கள் முழங்காலருகே முனகும். வூஃபரை முன்பக்கம், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே கொண்டுபோங்கள்.

இனி சப்வூஃபரின் பின்பக்கம். நான் அதிகமாகச் சரிசெய்த இடம் இதுதான், யாரும் பார்க்காத இடமும் இதுதான். சுவரோடு ஒட்டிய அந்தப் பக்கத்தில், தூசிக்கு நடுவே, பொதுவாக மூன்று இருக்கும்: வால்யூம் திருகு, 40 முதல் 150 அல்லது 160 வரை எண் போட்ட கிராஸ்ஓவர் திருகு, ஒலியலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான். இந்த நடுத் திருகு பேஸைத் தனியே பிரித்து அனுப்பாத ஸ்டீரியோ அமைப்புகளுக்கானது. ரிசீவரே பிரித்து அனுப்பும்போது, அதன் மீது இதுவும் ஒருமுறை வடிகட்டுகிறது. ரிசீவரில் 80, வூஃபரில் 60 என்று இருந்தால், 60-க்கும் 80-க்கும் இடைப்பட்டதை ஸ்பீக்கரும் விட்டுவிடுகிறது, வூஃபரும் விட்டுவிடுகிறது. இரண்டிலும் 80 என்று பொருத்தமாக வைத்ததாக மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கும் பள்ளம்தான்: ஒரு வடிகட்டி 80-இல் குறைத்ததை இன்னொன்று மறுபடி குறைக்கிறது. படத்தின் ஆழ்ந்த உறுமல் வரும், மத்தளத்தின் அடி வராது. மார்பில் வந்து மோதும் அந்த அடி இருப்பது இந்தப் பகுதியில்தான்.

செய்ய வேண்டியது எளிது. வூஃபரில் 'எல்.எஃப்.இ.' என்று எழுதிய உள்ளீடு இருந்தால் வயரை அதில் செருகுங்கள். அதில் உள்வடிகட்டி விலகிவிடும். இல்லாவிட்டால் திருகைக் கடைசி எண் வரை திருப்பி விட்டுவிடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் ஒன்று மட்டும் பார்க்கட்டும்.

எல்.எஃப்.இ. என்றதும் இன்னொரு குழப்பம். 5.1 என்பதில் ஐந்து வழக்கமான சேனல்கள்; அந்தப் புள்ளி ஒன்றுதான் எல்.எஃப்.இ., படத்திலேயே தனியாகப் பதிவான பேஸ் சேனல். அது 120 ஹெர்ட்ஸ் வரை போகும். மெனுவில் 'எல்.பி.எஃப். ஃபார் எல்.எஃப்.இ.' என்று, அந்தச் சேனலின் மேலொலியை வெட்டும் வடிகட்டி ஒன்று இருக்கும்; அதை 120-இல் விடுங்கள். அதையும் கிராஸ்ஓவர் என்று எண்ணி 80-க்கு இறக்கினால் படத்தில் உள்ளதையே வெட்டுகிறீர்கள். 'எல்.எஃப்.இ. + மெயின்' என்ற தேர்வு ஆசை காட்டும். ஒரே பேஸை வூஃபருக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டு முறை அனுப்பும் ஏற்பாடு அது. கடையில் கேட்கக் கம்பீரமாக இருக்கும். வீட்டில் ஒரு வாரத்தில் தலை கனக்கும்.

மைக் வைத்துத் தானாக அளக்கும் வசதி இப்போது ஏறக்குறைய எல்லா ரிசீவர்களிலும் வருகிறது. ஆடிஸி, ஒய்பாவ், டிராக் என்று பெயர்கள் மாறும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மின்விசிறியை நிறுத்துங்கள். ஏ.சி.யையும் நிறுத்துங்கள். அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை பொறுங்கள். மைக்கைக் கையில் பிடிக்கவோ சோபா முதுகில் சாய்க்கவோ கூடாது. கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். முடிந்ததும் மெனுவுக்குப் போய் அது என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரிய ஸ்பீக்கரைக் கண்டால் 'லார்ஜ்' என்றோ 40 என்றோ எழுதிவிடும். அதை 80-க்கு ஏற்றலாம். ஆனால் அது 100 என்று கண்டறிந்ததை நீங்கள் 60-க்கு இறக்கக்கூடாது. ஸ்பீக்கரால் அங்கே போக முடியவில்லை என்று அளந்துதான் அது சொல்கிறது.

வூஃபரின் தூரம் மட்டும் விசித்திரமாக இருக்கும். மூன்று மீட்டரில் இருக்கும் வூஃபருக்கு ஐந்து மீட்டர் என்று காட்டும். நாடா பிடித்து அளந்து அதைத் திருத்திவிடாதீர்கள். வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டு ஈடுசெய்கிறது.

தானியங்கி வசதி இல்லாதவர்கள், 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஃபேஸ் பொத்தானை 0 என்றும் 180 என்றும் மாற்றும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு இருக்கையில் அமர்ந்து கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலாகக் கேட்கிறதோ அதுதான் சரி. மற்றதில் ஸ்பீக்கரும் வூஃபரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிறகு பேஸ் கிட்டார் தனியாக நடந்துபோகும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கிட்டாரின் நான்கு தந்திகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் இருக்கின்றன. அதாவது, மெட்டு கிராஸ்ஓவர் எல்லையை ஏறி இறங்கிக் கடக்கும். ஒரு சுரம் மட்டும் திடீரென்று ஊதிப்பெருத்தாலோ காணாமல் போனாலோ வேலை இன்னும் முடியவில்லை.

அப்படி ஊதும் சுரத்துக்குக் காரணம் அறையாகவும் இருக்கலாம். நம் ஊரில் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம். அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர் கொஞ்சம் பேஸை வெளியே விட்டுவிடும்; நம்முடையது அப்படியே திருப்பி அனுப்பும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகிலும், பத்தடி அகலத்துக்கு 56 அருகிலும் அலை சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். இதை எந்தக் கிராஸ்ஓவர் எண்ணாலும் தீர்க்க முடியாது. வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வையுங்கள். ஷோகேஸுக்குள் மட்டும் வேண்டாம். கண்ணாடிக் கதவும் உள்ளே இருக்கும் பரிசுக் கோப்பைகளும் சேர்ந்து பாடும்.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவற்றில் வூஃபர் போர்டில் 4558 ஐ.சி.யும் ஒரு திருகும் இருக்கும். அது வூஃபருக்கு மேலொலி போகாமல் தடுக்கும். ஆனால் மற்ற ஐந்து சேனல்களுக்குப் பேஸ் போகாமல் தடுக்க பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான்கு அங்குல ஸ்பீக்கர் முழு பேஸையும் வாங்கி, வால்யூம் ஏற்றினால் கரகரக்கும். அசெம்பிள் செய்தவரிடம் சொல்லி, அந்தச் சேனல்களின் உள்ளீட்டுக் கெபாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள். உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்றால் 0.15 மைக்ரோஃபாரட் போட்டாலே 100 ஹெர்ட்ஸ் அருகில் சரியத் தொடங்கும். ஸ்பீக்கர் வயரிலேயே போடுவதானால் 8 ஓமுக்கு ஏறத்தாழ 200 மைக்ரோஃபாரட் வேண்டும். அது கட்டாயம் நான்-போலார் வகையாக, அதாவது பிளஸ்-மைனஸ் பேதம் இல்லாததாக, இருக்க வேண்டும். இது ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான் குறைக்கும், மென்மையான சரிவு. ஆனாலும் கரகரப்பு நிற்பதை அன்றைக்கே கேட்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கிராஸ்ஓவரை 60-க்கு இறக்கி வைப்பதைப் பார்க்கிறேன். நல்லெண்ணம்தான், பலன் இல்லை. ஸ்பீக்கருக்கான கிராஸ்ஓவர் எல்.எஃப்.இ. சேனலைத் தொடுவதே இல்லை. குண்டுவெடிப்பு முழுவதும் தளத்தின் வழியே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். அந்த நேரத்தில் பெரிய சத்தங்களை அடக்கும் ரிசீவரின் நைட் மோடைப் போடுங்கள், வூஃபரின் அளவை ஐந்தாறு டெசிபல் குறையுங்கள், வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை வையுங்கள். கிராஸ்ஓவர் எண் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.