நுவரெலியாக் காற்றும் காவோ வெயிலும்: கவச வாகனத்தின் மேல் நிற்கும் சிப்பாய்க்கு என்ன நடக்கிறது?

ஒரே துப்பாக்கியை நுவரெலியாவில் ஒரு தடவையும், சஹாராவின் தெற்கு ஓரத்திலுள்ள காவோ நகரில் ஒரு தடவையும் அதே கோணத்தில் வைத்துச் சுட்டால், ரவை எங்கே அதிக தூரம் போகும்? வகுப்பில் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் காவோ என்பார்கள். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்த காற்று ரவையைக் குறைவாகவே தடுக்கும் என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். படித்தது சரிதான். ஆனால் விடை நுவரெலியா.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்றின் திணிவு 1.225 கிலோகிராம். காவோ ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அங்கே பகல் வெப்பநிலை 42, 43 பாகையை எட்டும். அந்த வெயிலில் காற்றின் அடர்த்தி சுமார் 1.09க்கு இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருப்பதால் அமுக்கமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 16 பாகைக் குளிரிலும் அடர்த்தி 0.98 அளவில்தான் நிற்கும். பாலைவனச் சூட்டை நமது மலையின் உயரம் தோற்கடித்துவிடுகிறது.

காவோவை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. காவோ இருக்கும் மாலி நாட்டில் ஐக்கிய நாடுகள் நடத்திய அமைதி காக்கும் பணியில் இலங்கை இராணுவத்தின் தொடரணிப் பாதுகாப்பு அணி ஒன்று பல ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தது. உணவும் எரிபொருளும் ஏற்றிச் செல்லும் லொறிகளுக்கு முன்னும் பின்னும் கவச வாகனங்களில் போவது அவர்களின் வேலை. 2019 ஜனவரியில் டுவென்சா என்ற ஊருக்கு அருகே வீதியோரக் குண்டுவெடிப்பில் அந்த அணியைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். 2023 இறுதியில் அந்தப் பணி முழுவதுமாக மூடப்பட்டது. இலங்கை இராணுவத்தின் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகம் நமது தியத்தலாவையில், பைன் மரங்களுக்கும் மூடுபனிக்கும் நடுவில் இருக்கிறது. அந்தக் குளிரில் ஆயுதம் பழகிய ஒருவர் காவோவின் வெயிலில் வாகனத்தின் கூரைத் துவாரத்தில் நிற்கும்போது, அவரைச் சுற்றியுள்ள பௌதிகமே மாறிவிடுகிறது. போரைப் பற்றி நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கசப்பான நினைவு இருக்கும். நான் ஆயுதத்தைப் போற்ற வரவில்லை. அதன் பின்னால் நிற்கும் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உலகின் பல படைகளில் இப்படிப்பட்ட வாகனங்களின் மேல் பொருத்தப்படுவது 12.7 மில்லிமீட்டர் பிரவுணிங் கனரக இயந்திரத் துப்பாக்கி. முதலாம் உலகப் போரின் முடிவில் ஜோன் பிரவுணிங் வடிவமைத்தது. இன்றைய வடிவம் 1933இல் வந்தது. தாங்கியைச் சேர்க்காமலே 38 கிலோகிராம் எடை. நிமிடத்துக்கு 450 முதல் 600 ரவைகள். ஒவ்வொரு ரவையும் 43 கிராம் அளவு திணிவோடு, விநாடிக்கு ஏறத்தாழ 890 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும்.

திணிவை வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும்: ஒரு ரவைக்கு 38 நியூட்டன் செக்கன். விநாடிக்கு எட்டு ரவை என்று வைத்தால், துப்பாக்கி தன் தாங்கியைப் பின்னோக்கித் தள்ளும் சராசரி விசை 300 நியூட்டனைத் தாண்டுகிறது. ரவையோடு வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். தோளில் தாங்க முடியாத இந்த உதைப்பை வாகனத்தின் உடல் வாங்கிக்கொள்கிறது. அந்த உதைப்பில் ஒரு பகுதியை வைத்தே துப்பாக்கி தன் குழலையும் உட்பாகங்களையும் பின்னுக்கு நகர்த்தி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு ரவை போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். வாகனம் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதாவது விநாடிக்கு 10 மீட்டர், பக்கவாட்டில் சுட்ட ரவைக்கும் அந்த வேகம் கூடவே இருக்கும். இலக்கை நேரே பார்த்துச் சுட்டால் ரவை 15 மீட்டர் அளவு விலகி விழும். சில்லு ஒரு குழியில் இறங்கி, குழல் ஒரு பாகையில் பதினேழில் ஒரு பங்கு அசைந்தாலும் அந்தத் தூரத்தில் ஒரு மீட்டர் பிழை. கண்ணால் பார்த்துச் சுடும் மனிதர் இதையெல்லாம் அனுபவத்தால் ஈடுசெய்யப் பார்க்கிறார்.

ஆனால் பாலைவனத்தில் கண்ணையே நம்ப முடியாது. நடுப்பகலில் மணலை ஒட்டிய காற்று மேலேயுள்ள காற்றைவிடப் பல பாகை சூடாகிவிடும். சூடான காற்றின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, சற்றுக் குறைவு. அதனால் தரையை நோக்கி வரும் ஒளிக்கதிர் வளைந்து மீண்டும் மேலே எழும்புகிறது. வானத்தின் நீலம் தரையில் நீராகத் தெரிகிறது. கானல் நீர் என்று நாம் சொல்வது இதைத்தான். தூரத்தில் நிற்கும் மனிதனின் கால்கள் மறைந்து உடல் மட்டும் மிதக்கும். ஒரு லொறி இரண்டாகப் பிரிந்து தெரியும். தூரத்தைக் கணிக்க உதவும் அடிப்படை அடையாளங்களே கலங்கிவிடுகின்றன. 1917 ஏப்ரலில் மெசொப்பொத்தேமியாவில், கானல் காரணமாகச் சண்டையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது என்று பிரித்தானியத் தளபதி மோட் தனது அறிக்கையில் எழுதினார். இரு தரப்புப் படைகளையும் ஒளிமுறிவு நிறுத்தி வைத்த அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குழலின் சூட்டைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: பாலைவனத்தில் காற்று சூடாக இருப்பதால் குழல் ஆறவே ஆறாது என்று. வெடிமருந்தின் இரசாயனச் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரவையின் இயக்கசக்தியாகிறது. மீதியில் ஒரு பகுதி வாயுவோடு போய்விடும், இன்னொரு பகுதி குழலின் உருக்கில் தங்கிவிடும். தொடர்ந்து சுட்டால் குழல் 300 பாகையை எளிதாகத் தாண்டும். 300 பாகைக் குழலுக்கு 43 பாகைக் காற்றும் 16 பாகைக் காற்றும் பெரிய வித்தியாசம் தருவதில்லை. வெப்பநிலை வேறுபாடு பத்து வீதத்துக்குக் கிட்டவே குறைகிறது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சுட்டு நிறுத்திய பின், குழலின் பின்முனையிலுள்ள சூடான அறையில் தங்கியிருக்கும் தோட்டா, சுடும் விசையை யாரும் தொடாமலே வெப்பத்தால் வெடித்துவிடலாம். அதனால்தான் சிறு சிறு தொகுதிகளாகச் சுடவும், இடைவெளி விடவும், குழலை மாற்றவும் பயிற்சி கொடுக்கிறார்கள். வெயிலில் கிடந்த தோட்டாப் பெட்டியும் கவனிக்க வேண்டியது: சூடான வெடிமருந்து வேகமாக எரியும், ரவையின் தொடக்க வேகம் கூடும், காலையில் சரிபார்த்த குறி மதியத்தில் பிசகும்.

அடுத்தது தூசி. இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரால்ஃப் பாக்னோல்ட் பிரித்தானியப் படையின் பொறியியலாளர். 1940இல் எகிப்தில் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கியவர் அவர்தான். கூரையில்லாத செவ்ரோலட் லொறிகளில் லூயிஸ், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திக்கொண்டு லிபிய மணல்வெளியைக் கடந்து போன பிரிவு அது. திசைகாட்டியின் காந்த ஊசி லொறியின் இரும்பால் குழம்பியதால், நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரியத் திசைகாட்டியைப் பயன்படுத்தினார். எஞ்சினின் ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் நீரை ஒரு தகரத்தில் பிடித்து மீண்டும் நீராக்கி, குடிக்கும் நீரை மிச்சப்படுத்தினார். இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, காற்று மணலை எப்படிக் கொண்டு செல்கிறது என்று காற்றுச் சுரங்கம் அமைத்து அவர் ஆராய்ந்தது. 1941இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. செவ்வாய்க் கிரகத்தின் மணல்மேடுகளை ஆராய்பவர்களுக்கும் அதுவே அடிப்படை.

அவர் கண்டது இதுதான். மணல் துணிக்கை பறப்பதில்லை, துள்ளுகிறது. ஒன்று விழும் இடத்தில் இன்னொன்றைத் தட்டி எழுப்புகிறது. துள்ளும் மணலின் பெரும்பகுதி தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். தூய மணல்வெளியில் புயல் வீசும்போது, நீச்சல் தடாகத்தில் நிற்பவர்கள் போலத் தலையும் தோளும் மணல் மேகத்துக்கு மேலே தெரிய மனிதர்கள் நிற்பதுண்டு. எனவே உயரமான கவச வாகனத்தின் மேல் நிற்கும் சிப்பாய் மணலிலிருந்து தப்பிவிடுகிறார். தூசியிலிருந்து தப்ப முடியாது. மணலைவிடப் பல மடங்கு நுண்ணிய களித்துணிக்கைகள் காற்றிலேயே தொங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் உயரம் வரை எழும். முன்னே போகும் லொறியின் சில்லு கிளப்புவதும் இந்தத் தூசியைத்தான். துப்பாக்கியின் உள்ளே பூசிய மசகு எண்ணெயில் அது ஒட்டினால், எண்ணெயே உலோகத்தைத் தேய்க்கும் பசையாகிவிடும். மலையகத்தில் துருவுக்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாகப் பூச வேண்டும். அங்கே வெளிப்பரப்பை உலர்வாக வைத்து, அசையும் பாகங்களில் மட்டும் அளவாக இட்டு, ஒரு நாளில் பலமுறை துடைக்க வேண்டும்.

இனி உடல். மனித உடலின் உள்வெப்பநிலை 37 பாகை, தோலின் வெப்பநிலை 35 பாகைக்குக் கிட்ட. நானுஓயாவிலோ அட்டனிலோ நாம் சும்மா நின்றாலே காற்று நம் உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். காற்று 43 பாகையில் இருந்தால் சூடு எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடலுக்குள், ஓடும். மேலே சூரியன், கீழே தகிக்கும் உருக்குக் கூரை, முன்னே சுட்ட குழல். வெயிலில் நின்ற உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் சில விநாடிகளில் தோல் பொசுங்கும். கையுறை இல்லாமல் அங்கே எதையும் பிடிக்க முடியாது.

இந்த நிலையில் உடலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு மணிக்கு ஒரு லீற்றர் என்றால் அது 670 வாற்று வலுவுள்ள குளிரூட்டி. பாலைவனக் காற்று உலர்ந்தது என்பதால் இந்த வழி அங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சிப்பாய் அணிந்திருக்கும் குண்டு துளைக்காத அங்கி பத்துக் கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளது. மார்பையும் முதுகையும் மூடிவிடுகிறது. அதன் கீழே வியர்வை சுரக்கும், ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலிலிருந்து நீரையும் உப்பையும் எடுக்குமே தவிரச் சூட்டை எடுக்காது. ரவையிலிருந்து காக்கும் அதே அங்கி வெப்பத்திடம் உடலைக் காட்டிக்கொடுக்கிறது.

வெப்பமானியின் எண் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது என்பதை 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாமொன்றில் இளைஞர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்த பிறகே ஆராய்ந்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வெயிலை வாங்கும் கருங்கோளத்துக்குள் ஒரு வெப்பமானி, நிழலில் ஒன்று என மூன்றையும் சேர்த்து ஒரு சுட்டெண் உருவானது. எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் ஓய்வு என்பதை இன்றும் படைகள் அதை வைத்தே தீர்மானிக்கின்றன.

உடலும் கற்றுக்கொள்கிறது. வெப்பத்தில் 10 முதல் 14 நாட்கள் படிப்படியாக வேலை செய்தால் குருதியின் திரவப் பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது. முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. நமது தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவுதிக்கும் வேலைக்குப் போகும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் இந்த ஒரு செய்தியை யாராவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குளிர்நாட்டில் வளர்ந்த உடலை விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே முழுநேர வெயில் வேலைக்கு விடுவது உயிரோடு விளையாடுவது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடியும் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கச் சட்டமே தடை விதிக்கிறது. போகிறவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

வாகனத்தின் மேல் நிற்பவரை உள்ளே இறக்கிவிட்டால் என்ன என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் தொலைவிலிருந்து இயக்கும் ஆயுத மேடை. ஈராக்கில் வீதியோரக் குண்டுகளாலும் வாகனம் புரண்டதாலும் மேலே நின்றவர்கள் பலர் இறந்தனர். கீழ்ப்பகுதி வி வடிவிலான வாகனங்கள் வெடியின் விசையைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடும். ஆனால் அவை உயரமானவை, ஈர்ப்பு மையம் மேலே இருப்பதால் எளிதில் புரளும், புரளும்போது முதலில் நசுங்குவது துவாரத்தில் நிற்பவர்தான். நோர்வேயின் கொங்ஸ்பெர்க் நிறுவனம் செய்த மேடையை 2007இலிருந்து அமெரிக்கப் படை பெருமளவில் வாங்கியது. சுழல்காட்டிகள் வாகனத்தின் அசைவை உணர்ந்து குழலை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருக்கும். லேசர் தூரத்தை அளக்கும், கணினி ரவையின் வீழ்ச்சியைக் கணிக்கும். சிப்பாய் உள்ளே திரையைப் பார்த்தபடி கைப்பிடியை அசைத்தால் போதும்.

வெப்பம் இந்த இயந்திரத்தையும் விடுவதில்லை. இரவில் மனிதனை ஒளிரும் உருவமாகக் காட்டும் வெப்பக் கமரா, காலையிலும் மாலையிலும் மணலின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையைக் கடக்கும் சிறிது நேரத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் திணறும். வில்லையில் படியும் தூசியை உள்ளேயிருந்து துடைக்க முடியாது. இத்தகைய மேடைகள் பலவற்றில் தோட்டாப் பட்டி தீர்ந்தாலோ இடையில் சிக்கிக்கொண்டாலோ, உள்ளே இருப்பவர் கையுறையை மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, மேலே ஏறித்தான் சரிசெய்ய வேண்டும்.