வித்துட்ட பேரும் விட்டுட்ட பேரும்

போன வாரம் ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணாரு. பன்னெண்டு வருஷமா கையில வச்சிருந்த ஒரு டாட் காம் பேரை மெயில்ல வந்த முதல் ஆஃபருக்கே குடுத்துட்டாரு. மூணு வாரம் கழிச்சு அதே பேர்ல ஒரு கம்பெனி பெரிய முதலீட்டோட தொடங்கின செய்தியை படிச்சிருக்காரு. "சார், எப்படியாவது திருப்பி வாங்க முடியுமா?"ன்னு கேட்டாரு. முடியாதுன்னுதான் சொன்னேன். யாரும் திருடல, பேரை இன்னொருத்தருக்கு மாத்தத் தேவையான ரகசியக் குறியீடு, ஆத் கோடுன்னு சொல்லுவாங்க, அதை அவரே எடுத்து குடுத்திருக்காரு, பேசின காசும் முழுசா வந்துருச்சு. அவருக்கு காசு போச்சேங்கறதை விட பத்து நிமிஷத்துல முடிவெடுத்துட்டோமேங்கறதுதான் தாங்க முடியல, பேசும்போதே குரல் கம்மிருச்சு.

இந்த மாதிரி இணைய விலாசப் பேருங்களை, அதாவது டொமைனை, வாங்க விக்க உதவி பண்றதும், சின்னச் சின்ன கம்பெனிகளோட பேருங்க காலாவதி ஆகாம பார்த்துக்கறதும்தான் என் வேலை. இந்த மாதிரி போன் அடிக்கடி வரும். ஒண்ணு, அடிமாட்டு விலைக்கு வித்துட்டேன்னு வரும், இல்லன்னா ரெனியூ பண்ணாம விட்டுட்டேன்னு வரும். ரெண்டுக்கும் அடியில நான் பார்க்குற தப்பு ஒண்ணேதான், அந்தப் பேரு நமக்கு எவ்வளவு பயன்படுதுன்னு மட்டும் பார்த்து விலை போட்டுடறோம், அது கிடைச்சா எதிர்ல இருக்கறவருக்கு என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கறதில்ல.

ஃபேஸ்புக்கை எடுத்துக்கோங்க. 2004-ல தொடங்கும்போது முன்னாடி ஒரு 'த' ஒட்டிக்கிட்டு தஃபேஸ்புக் டாட் காம்னுதான் இருந்துச்சு. 2005-ல 2 லட்சம் டாலர் குடுத்து 'த' இல்லாத பேரை வாங்குனாங்க. 2010-ல எஃப்பி டாட் காம்ங்கற ரெண்டெழுத்துப் பேருக்கு அமெரிக்கன் ஃபார்ம் பியூரோ ஃபெடரேஷன்ங்கற விவசாயிகள் அமைப்புக்கு 85 லட்சம் டாலர் குடுத்தாங்க. வாங்கினது ஒரே கம்பெனி, நடுவுல அஞ்சு வருஷம்தான். அப்போ 2005-ல வித்தவங்க ஏமாந்துட்டாங்களா? நான் அப்படி சொல்ல மாட்டேன். அன்னைக்கு அது காலேஜ் பசங்களுக்கான ஒரு சைட், 2 லட்சம் டாலர்ங்கறது நல்ல விலை. பிசினஸ் டாட் காம் 1997-ல ஒன்றரை லட்சம் டாலருக்கு கை மாறுச்சு, 1999-ல அதுவே 75 லட்சம். 97-ல வித்தவருக்கு ரெண்டே வருஷத்துல உலகம் எங்க போய் நிக்கும்னு எப்படித் தெரியும்? அதனால வித்ததுக்கப்புறம் விலை ஏறிடுச்சுன்னு மட்டும் புலம்புறவங்ககிட்ட, அதை மனசுல வச்சுக்காதீங்கன்னு தான் சொல்லுவேன். வருத்தப்பட வேண்டியது வேற இடத்துல இருக்கு, கேக்க வேண்டிய கேள்வியை கேக்காமலே வித்தோம் பாருங்க, அங்க.

போன் பண்ணவர் விஷயத்துல நடந்தது இதுதான். ஒரு இலவச மெயில் ஐடியில இருந்து ரெண்டு வரி, "ஒரு சின்ன ப்ராஜெக்ட்டுக்கு இந்தப் பேரு தேவைப்படுது, பட்ஜெட் கம்மி, இன்னைக்கே சொன்னா இன்னைக்கே பணம்." பேரை வச்சு அவரு ஒண்ணும் பண்ணிக்கிட்டு இல்ல, வருஷா வருஷம் ரெனியூவல் மட்டும் கட்டிக்கிட்டு இருந்தாரு, சும்மா கிடக்கறதுக்கு இது கிடைச்சா லாபம்தானேன்னு உடனே ஓகே சொல்லிட்டாரு. பெரிய கம்பெனிக்காரங்க பேரு வாங்கும்போது சொந்த பேரை சொல்லிக்கிட்டு வர்றது ரொம்ப அபூர்வம், சொன்னா விலை ஏறும்னு அவங்களுக்குத் தெரியும், அதனால புரோக்கர் மூலமாவோ சம்பந்தமே இல்லாத ஒரு மெயில்ல இருந்தோ தான் கேப்பாங்க. இது சட்டப்படி தப்பும் இல்ல, வாங்குறவர் பக்கத்துல நான் வேலை பார்க்கும்போது நானும் கம்பெனி பேரை வெளிய விட மாட்டேன். அதனாலதான் விக்கிறவங்களுக்கு இதை அழுத்தி சொல்றேன், உங்களுக்கு வர்ற மெயில் எவ்வளவு சின்னதா இருக்குங்கறதை வச்சு ஆளை எடை போடாதீங்க.

ஒரு ஆஃபர் வந்தா அன்னைக்கே நம்பர் சொல்லாதீங்க. முதல்ல அதே பேரு டாட் நெட், டாட் ஓஆர்ஜி, டாட் ஐஓ, டாட் ஏஐ-ன்னு மத்த முடிவுகள்ல (புள்ளிக்கு அப்புறம் கடைசியா வர்ற பகுதி) யார்கிட்ட இருக்குன்னு பாருங்க, சமீபத்துல யாராவது நாலஞ்சு முடிவுல ஒண்ணா வாங்கியிருந்தா ஏதோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம். உங்க பேருக்கு முன்னாடி 'கெட்', பின்னாடி 'ஆப்', 'ஹெச்க்யூ' சேர்த்து ஏற்கனவே ஒரு கம்பெனி ஓடிக்கிட்டு இருக்கான்னு தேடுங்க. உங்க பேருக்காக காத்துக்கிட்டு இருக்கறவங்க பெரும்பாலும் அங்கதான் இருப்பாங்க, டெஸ்லாவே ரொம்ப வருஷம் டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காம்ல தான் இருந்துச்சு, வெறும் டெஸ்லா டாட் காமை வாங்க பத்து வருஷத்துக்கு மேலயும் 1.1 கோடி டாலரும் ஆச்சுன்னு எலான் மஸ்க்கே 2018-ல சொன்னாரு. டிரேட்மார்க் பதிவுகளையும் ஒரு தடவை பார்த்துடுங்க. நேம்பயோ மாதிரி சைட்ல இதே சாயல்ல இருக்கற பேருங்க முன்னாடி என்ன விலைக்கு போயிருக்குன்னு கிடைக்கும், அது முழுக் கணக்கு இல்ல, ரகசியமா முடியுற டீல் நிறைய இருக்கு, ஆனாலும் ஒரு திசை தெரியும். இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். பன்னெண்டு வருஷம் வச்சிருந்த பேருக்கு ஒரு மணி நேரம் செலவு பண்ணலாம்ல?

இங்க ஒரு எச்சரிக்கை. கேக்குறவங்ககிட்ட அந்தப் பேர்ல ஏற்கனவே டிரேட்மார்க் இருந்து, நீங்க அவங்களை குறி வச்சுத்தான் வாங்குனீங்கன்னு காட்ட முடிஞ்சா, நீங்க கேக்குற பெரிய தொகையே உங்களுக்கு எதிரான சாட்சியா மாறும். 1999-ல இருந்து யூடிஆர்பி-ன்னு டொமைன் தகராறுகளைத் தீர்க்கற ஒரு முறை இருக்கு, அதுல கேஸ் போட்டு பேரையே பிடுங்கிக்க வழி உண்டு. சந்தேகம் இருந்தா வக்கீலை பார்த்துட்டு பேசுங்க. அப்புறம், பெரிய விலை சொல்லிட்டு "முதல்ல இந்த சைட்ல மதிப்பீட்டு சான்றிதழ் வாங்குங்க"ன்னு உங்ககிட்டயே காசு கட்டச் சொல்றவர் வாங்க வந்தவரே இல்ல. டீல் எதுவா இருந்தாலும் எஸ்க்ரோ மூலமா மட்டும், அதாவது பேரு கை மாறுற வரைக்கும் பணத்தை நடுவுல வச்சிருக்கற மூணாவது ஆள் மூலமா மட்டும் பண்ணுங்க.

இப்போ ரெண்டாவது வகைக்கு வர்றேன், பேரை விட்டுடறது. எனக்கு இதுதான் அதிகமா வலிக்கும், ஏன்னா வித்தவருக்கு ஏதோ கொஞ்சமாவது கைக்கு வந்திருக்கும்.

காலாவதி ஆன பேரு அன்னைக்கு ராத்திரியே போயிடாது. டாட் காம் மாதிரி பொதுவான முடிவுகள்ல, தேதி முடிஞ்சதும் ரெஜிஸ்ட்ராரை, அதாவது பேரை நமக்கு பதிவு பண்ணிக் குடுக்கற கம்பெனியைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரைக்கும் சலுகைக் காலம் இருக்கும், அதுக்கப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதுல மீட்கலாம் ஆனா ரெனியூவலை விட பல மடங்கு கட்டணும், கடைசியா 5 நாள் பெண்டிங் டெலிட், பேரு அழியறதுக்கு காத்திருக்கற காலம், அதுல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நிறைய பேரு இந்தக் கணக்கை தப்பா நம்பி, ரெண்டரை மாசம் இருக்குல்லன்னு மெத்தனமா இருந்துடறாங்க. நல்ல பேரா இருந்தா அது அந்த டெலிட் வரைக்கும் போறதே இல்ல, சலுகைக் காலம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பல ரெஜிஸ்ட்ராருங்க ஏலத்துல விட்டுடுவாங்க. நாட்டுக் குறியீட்டு முடிவுகளுக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாது, சிலதுல அவகாசம் ரொம்ப கம்மி.

காலாவதிக்கு ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்ச அஞ்சு நாளைக்குள்ள இன்னொண்ணுன்னு ரெஜிஸ்ட்ரார் நோட்டீஸ் அனுப்பணும்னு, டொமைன் பேருங்களை உலக அளவுல ஒழுங்குபடுத்துற ஐகேன் அமைப்போட விதி இருக்கு. அப்புறம் எப்படி இத்தனை பேரு தவற விடறாங்க? நான் பார்த்ததுல பாதிக்கு மேல ஒரே கதை. ஆட்டோ ரெனியூவல் ஆன்ல தான் இருக்கும், ஆனா அதுல குடுத்த கார்டு மாறியிருக்கும். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு குடுத்த மெயில் ஐடி அதே டொமைன்ல இருக்கும், டொமைன் நின்னதும் மெயிலும் நின்னுடும், முடிஞ்சதுக்கப்புறம் வர்ற அந்தக் கடைசி நோட்டீஸ் போய் சேர இடமே இருக்காது. இல்லன்னா பேரை வாங்கிக் குடுத்த டிசைனர் தன்னோட ஐடியில போட்டிருப்பாரு, அவர் இப்போ வேற வேலைக்கு போயிருப்பாரு. இது சின்னவங்களுக்கு மட்டும் நடக்குறதில்ல, 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட்டே ஹாட்மெயில் லாகினுக்கு பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமை ரெனியூ பண்ண மறந்து, ஹாட்மெயில்ல நிறைய பேரால உள்ள போக முடியாம, சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கையில இருந்து 35 டாலர் கட்டி சரி பண்ணாரு.

கடையை மூடிட்டேன், இனிமே எதுக்கு அந்தப் பேருன்னு தெரிஞ்சே விடறவங்க இன்னும் கவனமா கேளுங்க. அந்த டொமைன்ல உங்க பழைய மெயில் ஐடி இருந்துச்சு. நாளைக்கு அதை வாங்குறவர் எல்லா மெயிலும் தனக்கு வர்ற மாதிரி வச்சுட்டு, நீங்க கணக்கு வச்சிருந்த சைட் ஒவ்வொண்ணுலயும் பாஸ்வேர்ட் ரீசெட் கொடுத்தா போதும். 2022 மே மாசம் பைதான் புரோகிராமருங்க பயன்படுத்துற பைபிஐ-ங்கற கோடு களஞ்சியத்துல சிடிஎக்ஸ்-ன்னு ஒரு பேக்கேஜை இப்படித்தான் பிடிச்சாங்க, அதைப் பராமரிச்சவரோட மெயில் டொமைன் காலாவதி ஆகியிருந்துச்சு, யாரோ அதை வாங்கி ரீசெட் பண்ணி, ரகசிய சாவிகளைத் திருடுற கோடை உள்ள ஏத்திட்டாங்க. 2024-ல வாட்ச்டவர்ங்கற பாதுகாப்பு நிறுவனத்து ஆளுங்க, டாட் மொபி முடிவோட பழைய ஹூஇஸ் சர்வர் (ஒரு டொமைன் யார்கிட்ட இருக்குன்னு சொல்ற சர்வர்) இருந்த டொமைன் விட்டுப் போயிருக்கறதைப் பார்த்து 20 டாலருக்கு வாங்குனாங்க, 1,35,000-க்கும் மேல சிஸ்டம்கள் அப்பவும் அந்த விலாசத்தையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அதுல அரசாங்கத்து மெயில் சர்வருங்களும் இருந்துச்சு. என்கிட்ட வந்த ஒரு அம்மாவோட பழைய கடைப் பேர்ல இப்போ ஒரு போலி கடை ஓடுது. பழைய கஸ்டமருங்க அதுல பணம் கட்டி ஏமாந்துட்டு அவங்களுக்குத்தான் போன் பண்ணி திட்டறாங்க. விட்ட பேரை விலை குடுத்தும் வாங்க முடியல, கேட்ட தொகை அவங்க கடையில போட்ட மொத்த முதலீட்டை விட அதிகம்.

என் தப்பையும் சொல்லிடறேன். 2022 நடுவுல ஒருத்தர் ஆறு டாட் ஏஐ பேருங்களை கொண்டு வந்து வச்சுக்கவா விடவான்னு கேட்டாரு. டாட் ஏஐ-ங்கறது அங்குவில்லாங்கற சின்னத் தீவோட முடிவு, ரெனியூவலும் ரெண்டு வருஷத்துக்கு சேர்த்துக் கட்டணும், டாட் காமை விட பல மடங்கு ஆகும். அஞ்சு வருஷமா ஒரு விசாரிப்பு கூட வரல, விட்டுடுங்கன்னு சொன்னேன். அந்த நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு. ஆறுல ரெண்டு பேர்ல இன்னைக்கு கம்பெனிங்க ஓடுது. அவர் என்னை ஒரு வார்த்தை கூட கேக்கல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. சாட்ஜிபிடி வரும்னு எனக்கு தெரியாதுங்கறது உண்மைதான், ஆனா அந்த ரெண்டு பேருங்களை ஒரு ஏஐ கம்பெனி ஆசைப்பட்டு வாங்குமான்னு நான் யோசிச்சுப் பார்க்கவே இல்ல, ஆறையும் ஒரே மூட்டையா கட்டி பதில் சொல்லிட்டேன்.

அதுக்காக எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கோங்கன்னு சொல்ல வரல, அப்படி வச்சு அழிஞ்சவங்களையும் பார்த்திருக்கேன். பதிவு ஆகுற பேருங்கள்ல பெரும்பாலானதுக்கு கடைசி வரைக்கும் ஒரு ஆஃபர் கூட வராது. 2015 கடைசியில அர்த்தமே இல்லாத நாலெழுத்து டாட் காம்களை போட்டி போட்டு வாங்குனாங்க, 2016-லயே விலை இறங்கிடுச்சு, உச்சத்துல வாங்கினவங்க பலபேரு வருஷா வருஷம் ரெனியூவல் கட்டி நொந்து போனாங்க. இப்போ நான் பண்றது, ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல இதை வாங்க வாய்ப்பிருக்கற ரெண்டு நிஜமான ஆளுங்களை, கம்பெனிகளை, எழுதச் சொல்றேன். எழுத முடியலன்னா, மெயிலும் அதுல இல்லன்னா, தாராளமா விடலாம். எழுத முடிஞ்சா அது பக்கத்துலயே, ஆஃபர் எதுவும் வராத ஒரு அமைதியான நாள்ல, இதுக்கு கீழ குடுக்க மாட்டேன்னு ஒரு தொகையும் எழுதி வைங்க. மெயில் ஓடுற பேரை மட்டும் ஒரே தடவையா பத்து வருஷத்துக்கு கட்டிடுங்க, அதுக்கு மேல கட்ட விதியில இடமில்ல. கணக்குக்கு வேற டொமைன்ல இருக்கற மெயிலை குடுங்க. மூடின தொழிலோட பேரை விடறதா இருந்தா, அதுல தொடங்குன ஒவ்வொரு கணக்கையும் புது மெயிலுக்கு மாத்தி, அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வருஷம் சும்மாவே வச்சிருந்துட்டு விடுங்க.

அன்னைக்கு ராத்திரி போன் பண்ணவர்கிட்ட, வேற ஏதாவது பேருங்க கையில இருக்கான்னு கேட்டேன். நாலு இருக்குன்னாரு. கணக்கைத் திறந்து பார்த்து சொல்லச் சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. குடும்பத்து ஆளுங்க மெயில் எல்லாம் ஓடுற ஒரு பேரு தேதி முடிஞ்சு பத்தொம்போது நாள் ஆகியிருந்துச்சு, கார்டு போன வருஷமே மாறிடுச்சாம், மெயில் ரெண்டு நாளா வராததை நெட் பிரச்சனைன்னு நினைச்சிருக்காரு. போனை வைக்காமலே புது கார்டு போட்டு ரெனியூ பண்ண வச்சேன். பதினொண்ணே காலுக்கு முதல் மெயில் உள்ள வந்து விழுந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் வச்சாரு.