சுவருக்குள் போன மழை எப்படி வெளியே வரும்?

ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜூலையிலும் சுவர் ஒரே இடத்தில்தான் ஊதும். இஸ்தோப்புக்கு இடப்பக்கம், முழங்கால் உயரத்தில். விரலை மடக்கித் தட்டினால் மற்ற இடத்தில் 'டக்' என்று கேட்கும். அங்கே மட்டும் வெறும் பானையைத் தட்டியது போல் ஒலிக்கும். மூன்று முறை கொத்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சீமெந்தைக் கூட்டிப் பூசினோம். மூன்று முறையும் கழன்றது. "கல்லுச் சுவருக்கு இது ஆகாது தம்பி" என்று ஒரு வயதான மேசன் சொன்ன பிறகுதான் காரணத்தைத் தேடினேன்.

தேயிலைத் தோட்டங்களில் உள்ள பழைய சுவர்கள் பல, கருங்கல்லை மண்ணாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ சேர்த்துக் கட்டியவை. அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, சுவரிலுள்ள நுண்துளைகள் மண்ணிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும். மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழையும் சேரும். ஆக இந்தச் சுவர் நனையாமல் இருக்கப் போவதில்லை. நனைந்தது காய்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு காயவிட்டது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றினால் கல்சியம் ஐதரொட்சைட்டு கிடைக்கும். பூசிய பின் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. அந்தக் கல்லில் துளைகள் நிறைய. உள்ளே இருக்கும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போகும். சீமெந்துப் பூச்சு அப்படியல்ல. அடர்த்தியாக இருக்கும், காயும்போது சுருங்கும், மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பு மழையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதே வழியாக அவ்வளவு ஈரமும் ஆவியாக முடியாது. தண்ணீரில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி வளர்கிறது. வளரும் பளிங்கு பூச்சைத் தள்ளுகிறது. தட்டும்போது நான் கேட்டது அந்த வெற்றிடத்தின் சத்தம்தான்.

சரி, என்ன செய்வது? பூச்சைத் தொடுவதற்கு முன் தண்ணீரைக் குறைக்க வேண்டும். சுவரோடு அணைந்து கிடக்கும் மண்ணை வெட்டி எடுங்கள், கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அகற்றுங்கள். பழைய கல் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் போதும். புளொக் கல் சுவரென்றால் ஒன்று சீமெந்து, ஒன்று சுண்ணாம்பு, ஆறு மணல். பூசுமுன் சுவரை நனையுங்கள். இல்லாவிட்டால் சாந்திலுள்ள தண்ணீரைச் சுவரே குடித்துவிடும். அப்புறம் சில நாட்கள் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். புதுப்பூச்சில் அவசரப்பட்டு எண்ணெய் பெயின்ட் அடிக்காதீர்கள். பூச்சின் காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைச் சவர்க்காரமாக்கிவிடும், பெயின்ட் உரியும்.

மரத்துக்கும் இதே கதைதான். பலகை என்பது நெருக்கமாகக் கட்டிய குழாய்களின் கட்டு. பக்கவாட்டில் மெதுவாகத்தான் நனையும். வெட்டிய முனையிலோ தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். அதனால்தான் யன்னல் நிலையின் கால் முதலில் உக்குகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை உக்க வைக்கும் பூஞ்சை வளராது. மழையில் மரம் குறுக்கே வீங்கும், வெயிலில் சுருங்கும். மூட்டுகளில் பெயின்ட் வெடித்து, உள்ளே போன நீர் பெயின்டுக்குப் பின்னாலேயே தங்கிவிடும். எங்கள் யன்னல் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழ் மூலையில் வைத்து அழுத்தினேன், கேக்கில் இறங்குவது போல இறங்கியது.

உக்கிய பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப் போட்டோம். பொருத்துமுன் வெட்டு முனைகளுக்கு இரண்டு தரம் பெயின்ட் குடிக்கக் கொடுத்தோம். யன்னலடிப் பலகையின் அடிப்பக்கம், வெளி விளிம்பையொட்டி ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம், வெட்டச் சொன்னேன். தண்ணீர் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டே சுவருக்கு ஓடிவரும். காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். தச்சருக்குப் பத்து நிமிட வேலை. இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு மரத்தைக் காப்பாற்றுவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வேலைக்கு மழை குறைந்த நாள் பார்ப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பண்டாரவளை, பதுளை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர். நுவரெலியாவில் ஜனவரி இரவில் உறைபனிகூட விழும், குளிரில் சீமெந்து இறுகுவது மந்தமாகும். காலையிலேயே பூசி முடித்து, இரவுக்கு மூடிவிடுங்கள்.

நாங்கள் பெப்ரவரியில் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். ஜூலையில் அந்த இடம் கறுத்துத்தான் போனது, பார்த்ததும் மனசு சோர்ந்துவிட்டது. இரண்டு நாள் வெயில் அடித்தது, வெளுத்துவிட்டது. தட்டிப் பார்த்தேன். 'டக்' என்றது.