தம்புராவில் காந்தாரம் எங்கிருந்து வருகிறது?

தம்புராவுக்கு நான்கே தந்திகள். ஒன்றைப் பஞ்சமத்துக்கும் (ப) மற்ற மூன்றை ஸட்ஜத்துக்கும் (ஸ) கூட்டுவார்கள். காந்தாரத்துக்கென்று (க) தந்தி கிடையாது. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டினால், காந்தார வகைகளில் ஒன்றான அந்தர காந்தாரம் கேட்கும். சங்கீதக்காரர்கள் இதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள்.

சுயம்பு என்றாலும் அதற்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. நொடிக்கு 100 தடவை அதிரும் தந்தி, அதே சமயம் இரண்டு பாதிகளாகப் பிரிந்து 200 தடவையும், மூன்று கூறுகளாக 300 தடவையும் அதிர்கிறது. இப்படி மேலே மேலே எழுபவைதான் மேற்சுரங்கள். 100 ஸட்ஜமானால் 200 மேல் ஸட்ஜம், 300 அதற்கடுத்த பஞ்சமம், 400 மறுபடியும் ஸட்ஜம், 500 அந்தர காந்தாரம். பாவம், சுத்த மத்தியமத்துக்கு (ம) இந்த வரிசையில் எங்குமே இடமில்லை.

மேற்சுரங்கள் கிட்டாரிலும் உண்டு. நம் குரலிலும் உண்டு. தம்புராவில் அவை இப்படித் தூக்கலாக ஒலிப்பதற்குக் காரணம் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை. கிட்டாரில் தந்தி ஒரு குறுகிய விளிம்பில் படிகிறது. தம்புராவின் குதிரையோ அகலமானது, மேற்புறம் லேசாக வளைந்தது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுவார்கள். அதன் பெயர் ஜீவா. அது தந்தியை மயிரிழை உயர்த்திப் பிடிக்க, அதிரும் தந்தி குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் கீழ் அதிர்வுகளின் ஆற்றலில் கொஞ்சம் மேற்சுரங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

இதை ஆராய்ந்தவர் சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல். தந்தியை நட்டநடுவில் மீட்டினால் 200, 400 போன்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலாளர்கள் வகுத்த விதி. அவற்றுக்கு அந்த இடம் அசையாப் புள்ளி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. எழக்கூடாத மேற்சுரங்கள் கணீரென்று ஒலித்தன. வளைந்த குதிரைதான் காரணம் என்றார் ராமன். நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்புக்கு ஏழு ஆண்டுகள் முந்தைய வேலை இது.

ஜீவா பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் காரியம். நூல் சற்று விலகினாலும் நாதம் மொட்டையாகிவிடும். நான்கு தந்திகளுக்கும் தனித்தனியாக நகர்த்திப் பார்க்க வேண்டும். சுருதியை அரைக்கட்டை (சுருதி உயரத்தின் அளவு) ஏற்றினால், தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிவிட்டு, நூலையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியதுதான். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி மேடைகளைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.