டவுன்லோட் பக்கம் ஆருக்கு விளங்குது?

போன மாசம் ஒரு ரீச்சர் லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கட கடைக்கு வந்தவ. தமிழ் படிப்பிச்சு பென்சன் எடுத்தவ, கோயில் மலருக்குக் கட்டுரை ரைப் பண்ண லிப்ரே ஒஃபிஸ் எண்ட இலவச மென்பொருளைப் போட வெளிக்கிட்டிருக்கிறா. "தம்பி, நான் போட்டனான், ஆனா அது வரேல்லை, வேற என்னவோ எல்லாம் வருது" எண்டா. பாத்தா உண்மைதான், கேள்விப்படாத ஒரு பிரவுசர், ட்ரைவர் அப்டேட் பண்ணித்தாறன் எண்டு காசு கேக்கிற ஒண்டு, மூலையில நிமிசத்துக்கு ஒருக்கா பாயுற விளம்பரம், லிப்ரே ஒஃபிஸ் மட்டும் இல்லை. துப்பரவாக்க ரெண்டு மணித்தியாலம் போச்சு.

எப்பிடிப் போட்டனீங்கள், ஒருக்காச் செய்து காட்டுங்கோ எண்டன். கூகிள்ல தேடி மேல வந்த ஏதோ ஒரு சைற்றுக்குப் போனா, அது இலங்கை ஐபி (எந்த நாட்டில இருந்து வாறம் எண்டு காட்டுற இன்ரர்நெற் இலக்கம்) எண்டு கண்டோண்ண முழுப் பக்கத்தையும் சிங்களத்தில திறந்துது. ரீச்சருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில அவவுக்கு விளங்கினது ஒரேயொரு இடம்தான், "ஸ்டார்ட் டவுன்லோட்" எண்டு இங்கிலீசில பச்சையா, பெரிசாக் கிடந்த பட்டின். அது விளம்பரம்.

லிப்ரே ஒஃபிஸ் போடுற ஆக்கள் அவையின்ர சொந்த சைற்றில இருந்து மட்டும் எடுங்கோ. விண்டோசுக்கு வாற ஃபைலுக்குள்ள தமிழ் உட்பட எல்லா மொழியும் இருக்கு, ஹெல்ப் மட்டும்தான் வேற ஃபைல். (மக்கிலயும் லினக்சிலயும் மொழிப் பொதியைத் தனிய எடுக்கவேணும்.) அளவு 300 எம்பிக்கு மேல வரும், உங்களுக்கு 2 எம்பியில வந்து இறங்கினா திறக்காமலே அழியுங்கோ.

ரீச்சர் போன பிறகு அந்த சைற்றைத் திட்டிக்கொண்டு இருந்தன், பேந்து யோசிச்சா எங்கட பக்கம் மட்டும் என்ன திறமோ? நாங்கள் சின்னக் கடையளுக்குக் கணக்கு எழுதுற மென்பொருள் ஒண்டு செய்து குடுக்கிறனாங்கள், தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூண்டிலயும். அதின்ர டவுன்லோட் பக்கத்தைக் கட்டினது நான்தான். அடுத்த நாள் சுன்னாகத்தில பலசரக்குக் கடை வச்சிருக்கிற அண்ணை ஒராளின்ர பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து, ஒண்டும் சொல்லமாட்டன், நீங்களே இறக்குங்கோ எண்டிட்டு வாயை மூடிக்கொண்டு பாத்தன். சும்மா இருக்கிறது சரியான கஷ்டம், கை துருதுரு எண்டும்.

மனிசன் மேல கிடந்த கொடியளைப் பாத்தார். தமிழுக்கு நான் இந்தியக் கொடி போட்டு வச்சிருந்தனான், எங்கயோ இருந்து எடுத்த ஐகன் செற்றில அப்பிடித்தான் கிடந்தது. "தம்பி, இது இந்தியாக்காரருக்கு எல்லோ" எண்டு சொல்லி இலங்கைக் கொடியை அமத்தினார், சிங்களம் வந்துது. எனக்கு முகத்தில ஈயாடேல்லை. தமிழ் சிங்கப்பூரிலயும் அரச மொழி, இஞ்சயும் 1987ல 13ஆம் திருத்தத்தோட அரச கரும மொழியானது, பிறகு எந்தக் கொடியை எண்டு போடுறது? கொடி நாட்டுக்கு, மொழிக்கு இல்லை. இப்ப "தமிழ்" எண்டு தமிழிலயும் சிங்களத்தைச் சிங்கள எழுத்திலயும் எழுதிவிட்டிருக்கிறம், அவ்வளவுதான்.

ஐபியைப் பாத்து மொழியை முடிவெடுக்கிறதை விடச் சொன்னா, கனக்க டெவலப்பர்மார் பிரவுசர் அனுப்புற மொழிப் பட்டியலைப் பாக்கிறம் எண்டுவினம். அக்செப்ட் லாங்குவேஜ் எண்டு ஒண்டு ஒவ்வொரு தரமும் சேர்வருக்குப் போகும், எனக்கு முதல்ல தமிழ், இல்லாட்டி இங்கிலீஸ் எண்ட மாதிரி. ஐபியை விட அது எவ்வளவோ நல்லம், ஆனா யாழ்ப்பாணத்தில எத்தினை பேர் ஃபோனைத் தமிழில வச்சிருக்கினம்? என்ர அம்மாவின்ர ஃபோனே இங்கிலீசிலதான் கிடக்கு, அவ வாசிக்கிறது தமிழ். அதால அதையும் ஒரு ஊகமா மட்டும் எடுத்து, மாத்துற இடத்தைப் பக்கத்தின்ர அடியில ஒளிக்காம மேலயே வைக்கவேணும், ஒருக்கா மாத்தினா அடுத்த முறையும் அது ஞாபகம் இருக்கவேணும். ஒவ்வொரு மொழிக்கும் தனி லிங்க் குடுத்தா வைபரில அனுப்புற ஆளுக்கும் அதே மொழியில திறக்கும்.

இன்னொண்டு, நான் கடைசி மட்டும் யோசிக்காதது. பக்கத்தை வாசிக்கிற ஆளும் மென்பொருளைப் பாவிக்கிற ஆளும் ஒராளா இருக்கோணும் எண்டு இல்லை. அந்த அண்ணையின்ர மகன் பாரிசில, பிரெஞ்சு பிரவுசர், அங்க இருந்து எனிடெஸ்கில (தூர இருந்து மற்ற ஆளின்ர கொம்பியூட்டரை இயக்கிற மென்பொருள்) வந்து தேப்பனுக்கு இன்ஸ்டோல் பண்ணிக் குடுக்கிறவர். பக்கம் எந்த மொழியில திறந்தாலும் மென்பொருளின்ர மொழியைத் தனியக் கேக்கவேணும்.

பட்டினில என்ன எழுதுறது எண்டு எங்களுக்குள்ள ஒரு கிழமை சண்டை. நாங்கள் தரவிறக்கம் எண்டுவம், தமிழ்நாட்டில பதிவிறக்கம், கடை அண்ணை ரெண்டும் இல்லை, "டவுன்லோட்" தான். "தரவிறக்கம் செய்க" எண்டு போட்டா ஃபோனில பட்டினுக்கு வெளியால எழுத்து தொங்குது, ஏனெண்டா பட்டினை இங்கிலீசின்ர 8 எழுத்துக்கு அளவெடுத்து வெட்டினது நான்தானே. கடைசியில பெரிசா "டவுன்லோட்", கீழ சின்னனா விண்டோஸ் 64 பிற், எத்தினை எம்பி எண்டு. எம்பியைக் கட்டாயம் போடுங்கோ, இஞ்ச கனபேர் ஃபோன் டேற்றாவில ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் இறக்கிறவை.

பாமினி எண்ட பழைய ஃபொன்ற்றில ரைப் பண்ணின தமிழை அப்பிடியே பக்கத்தில ஒட்டுற ஆக்கள் இன்னும் இருக்கினம். அந்த ஃபொன்ற் இல்லாத கொம்பியூட்டரில அது வெறும் இங்கிலீஸ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், கூகிளும் தேடாது, கண் தெரியாத ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுற மென்பொருளுக்கும் விளங்காது. எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறையில போடுங்கோ, விண்டோஸ் 8ல இருந்து அதுக்கான நிர்மலா யூஐ ஃபொன்ற் உள்ளுக்கையே இருக்கு.

இவ்வளவும் திருத்தி, நல்லாத்தான் செய்திட்டம் எண்டு இருக்கேக்க போன கிழமை குருணாகலில இருந்து ஒருத்தர் எடுத்தவர். எங்கட சிங்களப் பக்கத்தை நாங்கள் கூகிள் ட்ரான்ஸ்லேற்றில போட்டு எடுத்து ஒட்டினது, எங்களில ஒருத்தருக்கும் வடிவா வாசிக்கத் தெரியாது. "ஃபைலை ரன் பண்ணுங்கோ" எண்ட இடம் கால்ல ஓடுற ஓட்டமா வந்திருக்காம். மனிசன் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவர், நான் ரீச்சரை நினைச்சன். இப்ப கொழும்பில ஒரு சிங்கள நண்பர் வரி வரியாத் திருத்தித் தாறார், முதல் நாளே 19 இடத்தில சிவப்புக் கோடு.